கொட்டிவிடுகிறவர்

அவரைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்தது ஒரு சத்தம்தான்.

திண்டிவனத்தில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த உணவுப் பரிசோதனைக்கூடம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ தொட்டியில் எதையோ கொட்டினார்கள். கால்மணி கழித்து மறுபடி கொட்டினார்கள். பத்தரைக்கு டீ வந்தது. உள்ளேயிருந்து ஒல்லியாக ஒரு பெண்மணி வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு வெளியே வந்து, டீ டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு வராந்தாப் பக்கம் போனார். வாஷ்பேசினில் மூன்றாவது முறையாக அதே சத்தம்.

"இன்னாங்க இது?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"டெஸ்ட் மேடம். டீல ஏதோ வாசனை வந்திருக்கும். கொட்டிட்டாங்க."

"நல்லாத்தானே இருக்கு?"

"உங்களுக்கும் எனக்கும் நல்லா இருக்கும் சார். வாரத்துல ரெண்டு டீ அவங்களுக்கு மட்டும் வாசனை வரும். நான் இன்னா பண்றது? வேற டீ எடுத்தாரேன்" என்று படியிறங்கினார். அவர் குரலில் கோபமே இல்லை. வெயில் அடிக்கிறது, பஸ் லேட்டாக வருகிறது, டெஸ்ட் மேடம் கொட்டுகிறார்.

என் வேலை முன்மேசை. சாம்பிள் வாங்கி நம்பர் ஒட்டி ஒரு சின்ன ஜன்னல் வழியாக உள்ளே தள்ள வேண்டும். அவர் எழுதித் தருவதை ரிப்போர்ட்டாகத் தட்டச்சு செய்து ஓனரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நாற்பது வயதுக்குள் ஏழெட்டு வேலை மாறி வந்தவன் நான். உட்கார்ந்தால் கால் தானாக ஆடும், ஆடிக்கொண்டே இருக்கும். அவரோ நின்ற இடத்தில் நின்றபடி ஒரு முழுப் பகலைக் கழித்துவிடுவார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டியிருப்பார், ட்யூபைப் பிடித்த கையைத் திருப்பாமலே நேரம் பார்க்க. கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, கோட்டுக்குள் போய்விடும். விழுப்புரத்தில் வீடு. தினமும் காலை பஸ்ஸில் வந்து, வேலை முடிந்தால்தான் திரும்பிப் போவார். வேலை எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது.

அங்கே வந்த சாம்பிள்களில் பாதிக்கு ஒரே கேள்விதான். இதில் சால்மோனெல்லா இருக்கிறதா? மசாலாத்தூள், முட்டை, கோழிக்கறி, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் செய்த மிட்டாய், குழந்தைகள் குடிக்கிற சத்துமாவு, எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. டைபாய்டுக் கிருமிக்கு உறவுக்காரக் கிருமி அது. பெரியவர்களை இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு விட்டுவிடும். பிள்ளைகளை அப்படி விடாது. இருபத்தைந்து கிராம் மாவில் ஒன்றே ஒன்று கிடந்தாலும் கண்டுபிடித்தாக வேண்டும். ஒன்றைக் கண்ணால் பார்க்க முடியாது. வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். கூட இருக்கிற ஆயிரம் வேறு கிருமிகள் தலையெடுக்காமல், இதை மட்டும் வளர்க்க வேண்டும்.

"வறுத்து அரைச்ச மாவுல கெடக்கறது பாதி செத்த மாதிரி கெடக்கும்ண்ணா" என்பார் என்னிடம். "அத எடுத்த எடுப்புல பரீட்சைக்கு உக்கார வெச்சா அங்கயே போயிடும். மொத நாள் கஞ்சி குடுக்கணும். தெம்பு வரணும். ரெண்டாம் நாள்தான் பரீட்சை."

கஞ்சி என்றது, முதல் நாள் மாவைக் கரைத்து வைக்கிற சத்துநீரை. பரீட்சை என்றது இரண்டு ட்யூப்களை. ஒன்றில் கடல்பச்சை நிறத் திரவம். உப்பும் சாயமும் புளிப்பும் சேர்ந்தது, நாற்பத்தொன்றரை டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஒரு நாள் நிற்கும். அந்த உப்பிலும் அந்தச் சூட்டிலும் மற்றவை சுருண்டு போகும். சால்மோனெல்லா மட்டும் தாங்கும், தாங்கிப் பெருகும். இன்னொன்று பழுப்பு. அதில் அயோடினை அன்றன்று காலையில்தான் சேர்க்க வேண்டும், நேற்றுச் சேர்த்தது உதவாது. முதல் நாள் கஞ்சியிலிருந்து எடுத்துப் பச்சையில் விட வேண்டியது ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு, ஒரு சொட்டு இரண்டு சொட்டு. பழுப்பில் முழுசாக ஒரு மில்லி. உறிஞ்சி அளந்து விடுவது பிப்பெட்டால். சொட்டுக்குச் சின்னப் பிப்பெட், அதன் நுனியில் மாட்டிக் கழற்றுகிற மஞ்சள் டிப். மில்லிக்குப் பெரிய பிப்பெட், அதற்கு நீல டிப். ஒவ்வொரு சாம்பிளுக்கும் புது டிப்.

பச்சையில் கொஞ்சம் கூடுதலாக விட்டால் என்ன ஆகிவிடும் என்று ஒருமுறை கேட்டேன்.

"பரீட்சை ஹால்ல கும்பல் ஏறிடும்ண்ணா. அத்தினி பேரையும் அடக்க அந்தத் தண்ணிக்கு வலு பத்தாது. நாம தேடறது அந்தக் கும்பலுக்குள்ள எங்கயோ நின்னுக்கினு இருக்கும், நமக்குத் தெரியாது."

மூன்றாம் நாள் இரண்டு ட்யூப்களிலிருந்தும் எடுத்து கிருமி வளர்க்கிற சிவப்புக் கூழ்த் தட்டுகளில் கோடு இழுப்பார். நாலாம் நாள் பார்ப்பார். இருந்தால், சிவப்பில் மை வைத்தது போல் நடு கறுத்த புள்ளிகள் முளைத்திருக்கும். இல்லாவிட்டால் அவர் எழுதித் தருவது எப்போதும் ஒரே வரி: '25 கிராமில் கண்டறியப்படவில்லை.' நாலு நாள். யார் வந்து நின்றாலும், யார் சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தாலும் நாலு நாள்.

நாலு நாள் சில சமயம் எட்டு நாள் ஆகும், அவர் கொட்டிவிட்டால். ஒரு கோடையில் கரண்ட் போய், இன்வெர்ட்டரும் இழுத்துக்கொண்டு, வெந்நீர்த் தொட்டியின் சூடு இறங்கிவிட்டது. இருபது நிமிடம்தான். பதினாலு ட்யூப் அதில் நின்றுகொண்டிருந்தன. ஓனர் ஜன்னல் பக்கம் வந்து, "ஒண்ணும் ஆகியிருக்காதும்மா, இருபது நிமிஷம்" என்றார்.

"ஆகியிருக்காது சார்."

"அப்புறம்?"

"ஆகியிருக்காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே பதினாலையும் கூடையில் அடுக்கினார். நேராகக் கழுவுதொட்டியில் ஊற்றவும் மாட்டார். பெரிய குக்கர் மாதிரி இருக்கும் ஆட்டோகிளேவில் வைத்துக் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகுதான். "கொட்டறதுக்கு முன்னாடி கொன்னுடணும்" என்பார், குழம்புக்குத் தாளிப்பதைச் சொல்வது போல.

ஒரு அமாவாசைக்கு எல்லோருமாக மேல்மலையனூர் கோயிலுக்குப் போனோம். அவர் வேதக்காரர், ஆனாலும் வேன் காசில்லாமல் வருகிறது என்று சிரித்துக்கொண்டே ஏறிக்கொண்டார். கூட்டத்தில் நசுங்கி, சாமி பார்த்து, வெளியே வந்து வேனைக் கண்டுபிடிக்கும்போது மணி இரண்டு. காலை ஐந்து மணிக்குக் கிளறிய தயிர்சாதம் அண்டாவோடு வேனுக்குள் வெந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்தார். முகர்ந்தார். இரண்டு கையாலும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் முள்ளுச்செடி ஓரம் கவிழ்த்துவிட்டார். பன்னிரண்டு பேர் பசியோடு நின்றோம். கூட்டிப் பெருக்குகிற ஆயா தலையில் அடித்துக்கொண்டார். "அன்னத்தக் கொட்டறியே, நீயெல்லாம் பொம்பளையா?"

"அது அன்னம் இல்ல ஆயா. அஞ்சு மணிக்கு அன்னம். இப்ப அது வேற."

எங்கிருந்தோ இரண்டு நாய்கள் வந்து அதைத் தின்றன. ஓனர் அரைமணி நேரம் நாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாய்க்கு ஒண்ணும் ஆகலியேம்மா?"

"நாய்க்கு ரிப்போர்ட் யாரும் கேக்கல சார்."

வேக வைத்த மல்லாட்டையைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கித் தின்றபடி ஊர் திரும்பினோம். வழியெல்லாம் அவரைத் திட்டினார்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சாதம் கெட்டிருந்ததா இல்லையா, கடைசிவரை யாருக்கும் தெரியாது. அதுதான் அவரிடம் இருந்த பேஜாரு. அவர் கொட்டிய பிறகு, கொட்டியது சரியா என்று பார்க்க எதுவும் மிச்சம் இருக்காது.

அவர் கல்யாணத்தையும் அப்படித்தான் செய்தார் என்று ஆயா சொன்னார். மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். மூன்றாவது ஞாயிறுக்கு முன்னால் மாப்பிள்ளை தன் வேலையைப் பற்றிச் சொன்ன ஏதோ ஒன்று பொய் என்று தெரிந்தது. இவரே போய்ப் பங்குச் சாமியாரிடம், வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெரிய பொய்கூட இல்லையாம். நான் ஒருநாள் வாய் அடங்காமல் கேட்டுவிட்டேன்.

"சின்னதுதான்ண்ணா" என்றார், தட்டுகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டே. "சின்னதுலதான் தெரியும்."

அவ்வளவுதான். நிமிரவில்லை. என் கணக்கில் இருக்கிற சின்னச் சின்னப் பொய்களை நினைத்துக்கொண்டே நான் முன்மேசைக்கு வந்தேன். இந்த மனுஷி கையில் நான் ஒரு ட்யூபாக இருந்திருந்தால் எத்தனை முறை குக்கருக்குள் போயிருப்பேன். அவரோடு பழகுவது கண்ணாடிப் பாத்திரம் நிரம்பிய அறையில் நடப்பது மாதிரி. பிடிக்கும், ஆனால் கையை ஒடுக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

விழுப்புரத்துக்குப் பக்கத்துக் காணையிலிருந்து ஒரு மகளிர் குழு அப்போது சத்துமாவு போட ஆரம்பித்திருந்தார்கள். கேப்பை, கம்பு, மல்லாட்டை, பொட்டுக்கடலை வறுத்து அரைத்துப் பொட்டலம் போடுகிற தொழில். குழுத் தலைவிக்கு ஐம்பது வயது இருக்கும், பருத்த உருவம், போனிலேயே எதிரில் நிற்பது மாதிரி பேசுவார். நாங்கள் அவரைக் காணை அக்கா என்போம். கடை கடையாக ஏறி இறங்கி விற்றவர்களுக்கு முதன்முதலாக ஒரு பெரிய ஆர்டர். மயிலம் பக்கத்தில் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு விடுதி. வருஷம் முழுக்க மாவு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. முதல் சரக்கு புதன்கிழமை போய்ச் சேர வேண்டும், ரிப்போர்ட்டோடு. போகாவிட்டால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஒரே சரக்கிலிருந்து ஐந்து பொட்டலம், ஐந்து தனி சாம்பிள். வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை காலை காணை அக்காவின் போன்.

"சார், இன்னிக்கு இன்னா ஆச்சுது? கொஞ்சம் ஜல்தி பண்ணச் சொல்லுங்க சார். எட்டு குடும்பம் வாயப் பாத்துக்கினு இருக்குது."

நான் ஜன்னலுக்குள் தலையை விட்டேன். உள்ளே அவர் ஐந்து பச்சை ட்யூப், ஐந்து பழுப்பு ட்யூப் எதிரில் வைத்துப் பிப்பெட்டோடு நின்றிருந்தார்.

"மேடம், காணைக்காரங்க. எப்ப கிடைக்கும்னு கேக்கறாங்க."

திரும்பவில்லை. "திங்கக்கிழமை."

நான் தலையை வெளியே எடுத்தேன். அரை நிமிடம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும் வந்து தட்டுகளைப் பார்த்திருந்தார். திங்கட்கிழமை ஐந்து வரி தட்டச்சு செய்தேன். ஐந்திலும் கண்டறியப்படவில்லை. காணை அக்கா நேரில் வந்து, காகிதத்தை முந்தானையில் துடைத்த கையால் வாங்கி, மடிக்காமல் ஒரு கல்யாணப் பத்திரிகை உறைக்குள் செருகிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை காலை டெஸ்ட் மேடம் வேறு சாம்பிளுக்காக மஞ்சள் டிப் பெட்டியைத் திறந்தார், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக. எத்தனை டிப் மீதி என்று பெட்டி மூடியில் பென்சிலால் எழுதி வைப்பது அவர் வழக்கம். மூடியில் ஐம்பத்தாறு என்று இருந்தது. பெட்டியில் ஐம்பத்தேழு இருந்தது.

எனக்கு அது அவர் சொல்லித்தான் புரிந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து பச்சை ட்யூபுக்கு ஐந்து மஞ்சள் டிப் போயிருக்க வேண்டும். நாலுதான் போயிருக்கிறது. ஆக, ஐந்தில் ஒரு பச்சை ட்யூபில் பெரிய நீல டிப்பால் விட்டிருக்கலாம், ஒரு சொட்டுக்குப் பதில் ஒரு முழு மில்லி. எந்த ட்யூப் என்று தெரியாது. வேலை முடிந்ததும் எண்ணிப் பார்க்காமல், அறுபத்தொன்றில் ஐந்தைக் கழித்து மூடியில் எழுதியும் வைத்துவிட்டார்.

"எண்ணாம எழுதியிருக்கேன்ண்ணா" என்றார். அதைத்தான் இரண்டு முறை சொன்னார்.

ஓனர் அறையில் ரிப்போர்ட் நகலோடு நானும் நின்றேன். ஓனர் கெட்டவர் இல்லை. அவர் கேட்டதெல்லாம் யாரும் கேட்கக்கூடியதுதான்.

"பழுப்பு ட்யூப் அஞ்சும் சரியாப் போட்டீங்களா?"

"போட்டேன் சார்."

"அதுல எதுவும் வரலைல்ல?"

"வரல."

"அப்புறம் இன்னா? அது ஒண்ணு போதாதா?"

"ஒண்ணு போதும்னா ரெண்டு எதுக்கு சார் போடறோம்? ஒண்ணு விட்டத இன்னொண்ணு பிடிக்கும்னுதானே?"

"முதல்லயே நீங்க தப்பா எண்ணி எழுதியிருக்கலாம். அறுபத்திரெண்டு இருந்திருக்கும்."

"இருக்கலாம் சார்."

"அதத்தான் சொல்றேன்."

"இருக்கலாம்னு நாம ரிப்போர்ட்ல எழுதிக் குடுக்கலியே சார்."

ஓனர் மேசை மேல் இருந்த பேனாவை நகர்த்தினார், திரும்ப நகர்த்தினார். "சரி, மீதி சாம்பிள் இருக்குல்ல? மறுபடி போடுங்க. ஏதாச்சும் வந்தா சொல்லிக்கலாம். இப்பவே போயி அவங்கள ஏன் கலக்கணும்?"

"வர்றதுக்கு வெள்ளிக்கிழமை ஆயிடும். நாளைக்கு சரக்கு மயிலம் போயிடும். இது கொதிக்க வெக்கற மாவு இல்ல சார், வெதுவெதுன்னு பால்ல கலக்கிக் குடிக்கறது. சாயந்திரமே குடிச்சிடுவாங்க புள்ளைங்க."

"போன்ல சொல்லுங்களேன்."

"போன்ல நான் ஒண்ணு சொல்லுவேன், அவங்களுக்கு ஒண்ணு கேக்கும்."

ஐந்து பொட்டலத்திலும் மீதி இருந்த மாவைக் கரைத்து வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினார். ஓனர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கூடப் போங்க, எழுத்தில் எதுவும் கொடுத்துவிட வேண்டாம் என்றார். நான் தலையாட்டினேன். முன்மேசைக்கு வந்ததும் மேடம் கேட்டார், "ரெண்டு வரி அடிச்சித் தர்றீங்களாண்ணா?" அடித்துக் கொடுத்தேன். மறுபரிசோதனை முடியும்வரை மேற்படி அறிக்கை செல்லாது. கீழே அவர் பெயர் மட்டும், அவர் கையெழுத்து மட்டும்.

விழுப்புரம் போய், அங்கிருந்து காணைக்கு இன்னொரு பஸ். கரும்பு டிராக்டர் ஒன்றுக்குப் பின்னால் ஊர்ந்தோம். நான் ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், காலை ஆட்டினேன். அவர் மடியில் பையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

தகரக் கொட்டகை. வறுத்த கேப்பை வாசனை வாசலிலேயே மூக்கில் ஏறியது. சுவர் ஓரம் இடுப்பு உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள், மேலே பேனாவில் மயிலம் என்று எழுதியிருந்தது. காணை அக்கா எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க வாங்க, டெஸ்ட்டு பண்றவங்க இவங்கதானா? ஏய், சேரு எடுத்தாடி" என்றார்.

மேடம் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஒரு ட்யூபில் அளவு தப்பியிருக்கலாம், எது என்று தெரியவில்லை, மறுபடி போட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை தெரியும், அதுவரை மாவை அனுப்பாதீர்கள். காகிதத்தை நீட்டினார்.

கொட்டகையில் பொட்டலம் ஒட்டுகிற மெஷின் நின்றது.

"நேத்து இல்லன்னு பேப்பர் குடுத்த" என்றார் காணை அக்கா. "இன்னிக்கு வந்து இருக்குதுன்றியா?"

"இருக்குன்னு சொல்லலக்கா. தெரியலன்னு சொல்றேன்."

"தெரியாதவ அத்தினி நாளு இன்னாத்தப் பண்ணிக்கினு இருந்த?"

"தப்புப் பண்ணியிருக்கேன்."

"தப்பு நீ பண்ணுவ, வயித்துல ஈரத்துணி நாங்க கட்டிக்கணுமா? நாளைக்குப் போவலன்னா அந்த ஆர்டர் போச்சு, தெரியுமா உனக்கு? ஆறு மாசமா நடந்துக்கினு இருக்கேன் அந்த விடுதிக்கு. செருப்பு தேஞ்சி வேற செருப்பு வாங்கிட்டேன்." குரல் ஏறி உடைந்தது. பின்னால் ஒரு பெண், "அக்கா, பேப்பரக் கிழிச்சிப் போட்டுட்டு அனுப்பிடுக்கா. நம்ம கையிலதான் நல்ல பேப்பரு இருக்குதே" என்றாள்.

யாரும் தடுத்திருக்க முடியாது. உறைக்குள் நான் தட்டச்சு செய்த ஐந்து வரி இருந்தது, ஓனர் கையெழுத்தோடு. காணை அக்கா அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், பிறகு இவரிடம் நெருங்கி வந்தார்.

"உனுக்குப் புள்ள இருக்குதா?"

"இல்லக்கா."

"இருந்தா, இந்த மாவக் குடுப்பியா?"

அவர் பெட்டி மேல் கிடந்த ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார்.

"வெள்ளிக்கிழமை குடுப்பனா மாட்டனான்னு வெள்ளிக்கிழமைதான் தெரியும். இன்னிக்குக் குடுக்க மாட்டேன்."

காணை அக்கா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "போ" என்றார். "எந்திரிச்சி அடிக்கறதுக்குள்ள போயிடு." நாங்கள் வாசலைத் தாண்டும்போது போனில் அவர் குரல் கேட்டது. வேன்காரரிடம், நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அவர் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பச்சையிலிருந்து எடுத்தவை, பழுப்பிலிருந்து எடுத்தவை. சிவப்பு, வெறும் சிவப்பு. எதிலும் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. மஞ்சள் டிப்பையும் ஒருமுறை எண்ணினார்.

மாவு சுத்தம். ஆர்டர் போய்விட்டது, வேறு ஊர்க்காரர்கள் புதன்கிழமையே சரக்கு இறக்கிவிட்டார்கள். அவர் புது ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு தனியாகக் காணைக்குப் போய்வந்தார். அங்கே என்ன பேசினார்கள், அடித்தார்களா, டீ கொடுத்தார்களா, எதுவும் சொல்லவில்லை. ஓனரும் கத்தவில்லை. இனிமேல் தண்ணீர் சாம்பிள் மட்டும் பாருங்கள் என்றார். அவர் அந்த மாதம் முடிகிறவரை தண்ணீர் பார்த்தார். பிறகு விழுப்புரத்திலேயே, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னக் கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்றார்.

போகிற அன்று படிவரைக்கும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"காணைக்காரங்க போன் பண்ண அன்னிக்கு நான் ஜன்னல்ல தலைய விட்டுக் கேட்டேனே மேடம். அப்பதானே டிப் மாறிச்சு?"

"தெரியலண்ணா."

"எனக்குத் தெரியும். அப்பதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பாத்தீங்களா?" பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "தெரியாதத உங்க மேல எழுத முடியாது." ஓனரிடம் அவர் ஒரு தடவைகூட என் பெயரைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் சொல்லவில்லை.

நாலைந்து மாதம் கழிந்து ஒரு காலை, மாடிப்படியில் மூச்சு வாங்குகிற சத்தம். காணை அக்கா. கட்டைப்பையிலிருந்து ஐந்து பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வரிசையாக வைத்தார். புது ஆர்டர், பாண்டிச்சேரியில் ஒரு கடை என்றார். நான் படிவத்தை எடுத்து நம்பர் போட்டேன்.

"அந்தம்மாதானே பாக்கும்?"

"இல்லக்கா. அவங்க போயிட்டாங்க. இப்ப வேற ஒருத்தர் பாக்கறாரு. நல்லாப் பாப்பாரு."

"எங்க போச்சு?"

"விழுப்புரத்துல ஒரு இடத்துல இருக்காங்க."

காணை அக்கா முதல் பொட்டலத்தை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டார். இரண்டாவதை எடுத்தார்.

"அக்கா, அவங்களாலதானே உங்க ஆர்டர் போச்சு?"

"ஆமா. போச்சு. இன்னும் வயிறு எரியுது." ஐந்தாவதையும் போட்டார். "அட்ரசு சொல்லு. பழைய பஸ் ஸ்டாண்டுல எறங்கி எந்தப் பக்கம்?"

சொன்னேன். படியிறங்கிப் போனார். ஓனர் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, பாதி நிரப்பிய படிவத்தையும் காலி மேசையையும் பார்த்தார்.

"சாம்பிள ஏன் எடுத்துக்கினு போறாங்க?"

"டெஸ்ட் பண்ணத்தான் சார்" என்றேன்.